பத்திரச் சொற்களும் பிரசங்க பீடமும்

திருமறையின் தமிழ்நடையைப்பற்றி நம்மவரிடையே எழுந்த வாதங்களிற் பெரும்பாலானவை வடசொல்லின் மிகுதி குறைவைப் பற்றியவையே. தேவனா கடவுளா, ஞானஸ்நானமா திருமுழுக்கா, கிருபையா அருளா என்னும் வழக்குகளுக்குச் செலவான மையில் ஒரு சிறு பங்கையேனும் வேறொரு சொற்கூட்டத்தின்மேல் செலவிட்டிருக்கலாம் என்பது நம் எண்ணம். அச்சாரம், அடைமானம், கிரயம், மீட்பு, பிணை, கையெழுத்து, சுதந்தரம், கடன் ஆகிய இவை ஆலயத்தில் பிறந்த சொற்கள் அல்ல. மாட்டுச் சந்தையிலும் களத்துமேட்டிலும் கணக்கன் வீட்டுத் திண்ணையிலும் வழங்கிப் பின் ஆலயத்துக்குள் வந்தவை. வந்த இடத்தில் அவை பக்திச் சொற்களாக மாறித் தம் பழைய பொருளை மெல்ல இழந்துவருகின்றன. இழந்தது எது, காக்கத்தக்கது எது, விட்டுவிடத்தக்கது எது என்பதே ஈண்டு நாம் ஆராய விரும்புவது.

இவ்வாராய்ச்சிக்குப் பொருநையாற்றுப் படுகை ஏற்ற களம். நெல்லையை அடுத்த மானூரில் ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊரிற் பங்குடையார் மக்களுள் எவர் சபையில் அமரலாம், விலைக்குக் கொண்ட பங்குக்கும் சீதனமாய் வந்த பங்குக்கும் என்ன விதி என்று அது வரையறுக்கிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுசும், 1841இல் இடையன்குடியில் குடியேறிய கால்டுவெல்லும் இத்தகைய நாட்டில்தான் வேதத் தமிழைக் கற்றார்கள். இரேனியுஸ் புதிய ஏற்பாட்டைத் தாமே பெயர்த்தவர். பவர் ஐயர் தலைமையில் நடந்து 1871இல் நிறைவெய்திய திருத்தத்தில் கால்டுவெல்லுக்குப் பங்கு உண்டு. நாம் இன்றும் ‘பழைய திருப்புதல்’ என்று கையில் ஏந்துவது அதனையே.

அன்றியும், இப்பகுதியில் சபை நிலத்தோடு பிறந்தது. 1799இல் முதலூர் உண்டானபோது முதலில் நடந்த காரியம் நிலம் வாங்கினது. நிலக்கிழாரால் துரத்தப்பட்ட விசுவாசிகளுக்கு இடம் வாங்குவதற்கென்றே 1830இல் இரேனியுஸ் தர்ம சங்கத்தை ஏற்படுத்தினார். கிரயத்துக்குக் கொள்ளப்பட்டவர்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை (1 கொரி. 6:20) இவ்வூர்களின் முதல் தலைமுறை கேட்டபோது, கிரயம் என்பது அவர்களுக்கு உருவகமாக இருந்திராது. அவர்கள் காலூன்றி நின்ற மண்ணே கிரய மண்.

முதலாவதாக அச்சாரத்தை எடுத்துக்கொள்வோம். 2 கொரிந்தியர் 1:22, 5:5, எபேசியர் 1:14 ஆகிய மூன்று இடங்களிலும் ஆவியானவரைக் குறிக்கப் பவுல் ‘அர்ரபோன்’ என்கிறார். பழைய திருப்புதல் மூன்றிலும் அச்சாரம் என்கிறது. இது கிரேக்கர் தாமாக உண்டாக்கிய சொல் அன்று. செமித்திய வணிகரிடமிருந்து அவர்கள் கடன்பெற்றது. அதன் எபிரெய வடிவத்தை ஆதியாகமம் 38இல் யூதா தாமாரிடம் முத்திரைமோதிரத்தையும் கோலையும் விட்டுச்சென்ற இடத்தில் காண்கிறோம். அங்கே நம் மொழிபெயர்ப்பாளர் அச்சாரம் என்னாது அடைமானம் என்றனர். மூலச்சொல் ஒன்றாயிருக்கத் தமிழ்ச்சொல் இரண்டாயினதைச் சிலர் குறையாகக் கருதக்கூடும். நாமோ இதனை அவர்களுடைய கூர்மைக்குச் சான்றாகக் கொள்கிறோம். யூதா விட்டுச்சென்ற பொருள் ஆட்டுக்குட்டி வந்தபின் அவன் கைக்குத் திரும்பவேண்டியது; ஆகவே அடைமானம். பவுல் கூறுவது திரும்பிப் போகாதது. அது விலையின் முதற்கூறு, மீதியும் வரும் என்பதற்காக முன்னே கொடுக்கப்பட்டது, ஆகவே அச்சாரம்.

மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடித்தபின், வாங்குகிறவர் ஒரு தொகையை விற்பவர் கையில் வைக்கிறார். மாடு இன்னும் விற்பவருடைய கயிற்றில்தான் நிற்கிறது. ஆயினும் அந்த நேரமுதல் அவர் அதை வேறொருவருக்குக் காட்டலாகாது. கொடுத்தவர் பின்வாங்கினால் அச்சாரம் போயிற்று. வாங்கினவர் பின்வாங்கினால் இரட்டிப்பாய்த் திருப்பவேண்டும். இந்த இரட்டிப்பு விதி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. யாக்ஞவல்கிய ஸ்மிருதி ‘சத்தியங்காரம்’ என்னும் பெயரால் இதனையே விதிக்கிறது. யுஸ்தினியான் பேரரசரின் ரோமச் சட்டமும் இவ்வாறே கூறுகிறது. எகிப்தின் பாப்பிரஸ் ஏடுகளில், ஓர் எலிபிடிப்பவனுக்கு எட்டுத் திராக்மா அர்ரபோன் கொடுத்ததாக ஒருவன் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. பவுல் தேர்ந்துகொண்டது அத்தனை சாதாரணமான சொல்.

2 கொரிந்தியர் 1:21, 22 வசனங்களில் அச்சாரம் தனியே நிற்கவில்லை. உறுதிப்படுத்துதல், முத்திரித்தல், அச்சாரம் கொடுத்தல் என மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றுள் முதலாவதாகிய சொல்லுக்கும், விற்றவர் வாங்கினவருக்குத் தரும் சட்டப் பொறுப்பே அடிப்படை என்பதை டைஸ்மன் எடுத்துக்காட்டினார். நம் கிரயப்பத்திரங்களில், சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லையென்றும், பின்னர் ஏதேனும் தோன்றினால் விற்பவரே தம் செலவில் தீர்த்துக்கொடுப்பார் என்றும் எழுதும் பகுதி அதற்கு நேரானது. மூன்று சொற்களையும் சேர்த்து வாசித்தால், பவுல் ஒரு பத்திரத்தின் வாசகத்தைத்தான் எழுதுகிறார் என்பது புலனாகும். அதில் கட்டுப்படுகிறவர் தேவன்.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் எபேசியர் 1:14இல் இச்சொல்லை ‘அடையாளம்’ என்பதால் உணர்த்துகிறது. எளிமை கருதிச் செய்தது என்பது விளங்குகிறது. ஆயினும் இழப்பு பெரிது. அடையாளம் கொடுக்கிறவருக்குச் செலவு இல்லை. அதனால் அவர் கட்டுண்பதும் இல்லை. அடையாளம் ஒரு பொருளைச் சுட்டும். அச்சாரமோ அப்பொருளின் ஒரு கூறு. ஆவியானவர் வரப்போகும் மகிமையைச் சுட்டிக்காட்டும் பலகையா, அல்லது அம்மகிமையின் முதல் தவணையா என்பது சொல்லாராய்ச்சியோடு முடிகிற கேள்வி அன்று. ஆவியானவரைப்பற்றிய உபதேசமே அதைப் பொறுத்திருக்கிறது.

அச்சாரம் இன்றைய இளைஞருக்கு விளங்காது, அட்வான்ஸ் என்றால்தான் விளங்கும் என்பர். அப்படியே சில பிரசங்கிகள் வீட்டு வாடகை அட்வான்ஸை உவமையாகச் சொல்லவும் கேட்டிருக்கிறோம். அங்கேதான் தவறு நுழைகிறது. வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் வீட்டைக் காலிசெய்யும்போது திரும்ப வருவது; அது அடைமானத்தின் இனம். அதை உவமையாக்கினால், தேவன் ஒருநாள் தம் ஆவியைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று போதித்ததாகும். நிலத்துக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் என்றால் பொருந்தும்.

இதனினும் ஆழமான தடை ஒன்று உண்டு. நன்செய்ப் பண்ணைகளில் ஆளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், செங்கற்சூளைக்கு முன்பணம் வாங்கிச் சென்றவர்களும் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவில் முன்பணம் என்பது வாங்கினவரைக் கட்டுகிற கயிறு. கொடுத்தவர் எஜமான், வாங்கினவர் தீரும்வரை அடிமை. ஆவியானவர் தேவன் தந்த முன்பணம் என்று விளக்கமின்றிச் சொன்னால் அவர்கள் காதில் விழுவது என்ன? பவுல் சொல்லும் அச்சாரம் எதிர்த்திசையிற் செல்வது. மீதியைக் கொடுத்துத் தீர்க்கும் பொறுப்பு கொடுத்தவர்மேலேயே இருக்கிறது. இத்திசையை வெளிப்படையாகச் சொல்லாத பிரசங்கம், எத்தனை கிரேக்கம் பேசினாலும், பாதி வேலையே செய்ததாகும்.

அடுத்தது மீட்பு. நாளிதழ்த் தமிழில் இச்சொல் ஆபத்திலிருந்து காப்பாற்றுதல் என்னும் பொருளை முற்றிலும் ஏற்றுவிட்டது. 2023 டிசம்பரில் பொருநை பெருக்கெடுத்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்ட நாட்களில், மீட்பு, மீட்புப்படை என்பவற்றையே எங்கும் கேட்டோம். நல்ல பொருள்தான், திருமறையின் இரட்சிப்புக்கு அது நெருங்கியதும்கூட. ஆயினும் பத்திரத்தின் பொருள் வேறு. மீட்புப்படையினருக்கும் மீட்கப்படுகிறவருக்கும் முன்னுறவு வேண்டியதில்லை. ஒத்தி மீட்கிறவரோ அப்பொருளுக்கு ஏற்கெனவே உடையவர்.

ஒத்தி என்பது இலக்கிய வழக்கில் ஒற்றி. சொந்தக்காரர் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு நிலத்தை மற்றவர் அனுபவத்தில் விடுகிறார். கார் விளைச்சலும் பிசான விளைச்சலும் வட்டிக்கு ஈடாக ஒத்தி பிடித்தவருக்குச் சேரும். தொகையைத் திருப்பிய நாளில் நிலம் திரும்பும். நகரத்தில் வாடகையின்றி வீட்டை ஒத்திக்குப் பிடிப்பதும் இதே முறைதான். நம் மாணவர் பலர் இதனை அறிவர். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. இருபது ஆண்டு மற்றவர் உழுதாலும் நிலம் அவருடையது ஆவதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 60ஆம் பிரிவில் மீட்கும் உரிமையைச் சொந்தக்காரருக்கு உறுதிசெய்கிறது. இத்தனை ஆண்டுக்குள் மீட்காவிடில் இதுவே கிரயமாகும் என்று பத்திரத்தில் எழுதிவைத்தாலும் நீதிமன்றம் அதை ஏற்பதில்லை. மீட்புக்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 30 ஆண்டு என்கிறது. அதற்கு முன் 60 ஆண்டு இருந்தது. அனுபவ ஒத்தியிலோ, ஒத்தி வைத்த நாளிலிருந்து ஆண்டுகளை எண்ணி மீட்கும் உரிமையை அழிக்க இயலாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தை இவற்றின் அருகில் வைத்து வாசிக்கும்படி மாணவர்க்குப் பரிந்துரைப்போம். அங்கே நிலம் என்றென்றைக்கும் விற்கப்படுவதில்லை. யூபிலி வரையுள்ள விளைச்சல்களின் எண்ணிக்கையே விற்கப்படுகிறது. விற்பனை என்று பெயர். நடப்பதோ நம் ஒத்தி. நெருங்கிய இனத்தான் வந்து மீட்கிறான். இவனுக்கு எபிரெயத்தில் ‘கோயேல்’ என்று பெயர். இங்கே பழைய திருப்புதலின்மேல் நமக்கு ஒரு குறை உண்டு. ரூத்தின் வரலாற்றில் போவாசைக் குறிக்க இச்சொல் வரும்போது ‘சுதந்தரவாளி’ என்றும், யோபு 19:25இல் வரும்போது ‘மீட்பர்’ என்றும் எழுதினார்கள். யூதா-தாமார் இடத்தில் இரண்டு சொல் வேண்டியிருந்தது. இங்கே ஒன்றே வேண்டியிருந்தது. யோபு தன் மீட்பரைப்பற்றிப் பேசும்போது பெத்லகேமின் வாசலில் மூப்பர்முன் நின்ற போவாசைத் தமிழ்ச் சபை நினைப்பதில்லை. நினைத்திருந்தால், நம் மீட்பர் வழிப்போக்கர் அல்லர், நம் இனத்தார் என்பது பண்டிகைப் பிரசங்கம் ஒன்றிலேனும் ஒலித்திருக்கும்.

விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்னும் பழைய வினாவை இங்கே எழுப்புவோர் உண்டு. நிசாவின் கிரெகோரியார் சாத்தானுக்கு என்றார். திருச்சபையில் அவ்விடைக்கு மறுப்பும் உடனே எழுந்தது. பவுல் அதைக் கேட்கவே இல்லை. உவமையிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் சர்வே எண் தேடுவது நமக்குத் தேவையற்றது.

பிணையாளி என்னும் சொல்லில் நேர்ந்தது குழப்பம். எபிரெயர் 7:22 இயேசுவைப் பிணையாளி என்கிறது. அடுத்த அதிகாரம் மத்தியஸ்தர் என்கிறது. பிரசங்கங்களில் இவ்விரண்டும் ஒன்றாகவே வழங்குகின்றன. மத்தியஸ்தர் இருதரத்தாரையும் பேசி இணைத்துவிட்டு வீடு திரும்பலாம். பிணையாளி திரும்ப முடியாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் பிணையாளியின் பொறுப்பு. கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டுப் போதகர் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் இதனை நன்கு அறிவார்கள். கையெழுத்திடத் தயங்கும் போதகர்கள் இன்னும் நன்றாக அறிவார்கள். நீதிமொழிகள் திரும்பத்திரும்பப் பிணைப்படாதே என்று எச்சரிக்கிறது. ஞானிகள் விலக்கிய அந்த அபாயத்துக்குள் குமாரனை நிருத்துகிறது எபிரெயர் நிருபம். இச்சொல்லை விட்டுவிட நாம் சம்மதியோம்.

சுதந்தரத்தைப்பற்றியோ வேறுவிதமாகத் தீர்ப்பளிக்க வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் வருவாய்த்துறைத் தமிழில் இது பரம்பரை உரிமையையும், அதன்பேரில் களத்தில் அளக்கப்பட்ட நெற்பங்கையும் குறித்தது. மொழிபெயர்ப்பாளர் அதை எடுத்துக்கொண்டது பொருத்தமே. விடுதலைப் பொருளுக்கு அவர்கள் கலாத்தியர் 5:1இல் சுயாதீனம் என்று வேறு சொல் வைத்தார்கள். 1947க்குப்பின் இப்பாகுபாடு நிலைக்கவில்லை. ஆகஸ்டு 15ஐ அடுத்த ஞாயிறுகளில் எபேசியர் முதலதிகாரத்தை எடுத்துக்கொண்டு தேச விடுதலையைப் பிரசங்கிக்கிறவர்கள் இருக்கும்வரை, இச்சொல் தன் பழைய வேலையைச் செய்ய இயலாது. திருவிவிலியத்தின் உரிமைப்பேறு ஒழுங்கான சொல். ஆயின் எந்தப் பத்திரத்திலும் அதைக் காணோம். பாத்தியம், வாரிசு என்பவை மக்கள் கையில் இருக்கின்றன. திருத்துகிறவர்கள் அவற்றை எண்ணிப்பார்க்கலாம்.

இங்கே சொல்லைவிடப் பெரிய காரியம் ஒன்று குறுக்கிடுகிறது. பெண்கள் தம் பிதிரார்ஜிதப் பங்கைச் சகோதரருக்கு விட்டுக்கொடுத்து எழுதித்தரும் ஆவணத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயர். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு தருகிறது. திருமணத்தில் போட்ட நகையைக் காரணம் காட்டி, அப்பங்கை மகளிடமிருந்து விடுதலையாக எழுதி வாங்கும் வழக்கம் நம் குடும்பங்களிலும் உண்டு. ரோமர் 8:17ஐ வாசித்து உடன்பங்காளிகள் என்று ஆமென் சொன்ன அதே வாரத்தில் இதைச் செய்கிறோம். செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் மோசேக்குமுன் நின்று பங்கு கேட்டதை (எண். 27) வேதபாட அட்டவணை எப்போதேனும் கொண்டுவருகிறது, அன்றைக்கும் பிரசங்கம் வேறு பகுதியின்மேல்தான்.

இரண்டு சிறு குறிப்புகள். மத்தேயு 6:2இல், மாயக்காரர் தம் பலனை முழுதும் பெற்றாயிற்று என்னுமிடத்தில் உள்ள கிரேக்கச் சொல், பற்றுச்சீட்டுகளில் எழுதப்பட்டது. நம் பழைய மொழிபெயர்ப்பாளருக்கு அந்தச் சீட்டுகள் தெரியா. ஆயினும் ‘தீர்ந்தது’ என்று கணக்குத் தீரும் சொல்லையே போட்டிருக்கிறார்கள். பாராட்டத்தக்கது. 1 தீமோத்தேயு 6:20இலோ வாய்ப்பைத் தவறவிட்டார்கள். அங்கே உள்ளது, ஒருவர் நம்பி மற்றவரிடம் வைத்துச்சென்ற பொருள். சிலப்பதிகாரம் ஒரு காதைக்கே பெயராகத் தந்த அடைக்கலம் என்னும் சொல் கைக்கு எட்டியிருக்க, ஒப்புவிக்கப்பட்டது என்று எழுதி நகர்ந்துவிட்டார்கள்.

இறுதியாகக் கையெழுத்து. கொலோசெயர் 2:14இல் சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது கையெழுத்து என்கிறது பழைய திருப்புதல். மூலத்திலுள்ள ‘கெய்ரோகிராபோன்’ கடன்பட்டவன் தன் கையாலேயே எழுதிக்கொடுத்த சீட்டு. இன்றைய தமிழில் கையெழுத்து என்றால் பெயர்ச்சாத்து. அல்லது அழகாக எழுதுதல். சிறுபிள்ளைகள் இவ்வசனத்தைக் கேட்டு என்ன எண்ணுவார்களோ! இவ்விடத்தில் திருவிவிலியம் கடன் பத்திரம் என்றது திருத்தமான திருத்தம். புரோநோட்டு என்று பிரசங்கத்தில் விளக்கினாலும் குற்றமில்லை.

சைவ மரபில் இதற்கு எதிராக வைத்து நோக்கத்தக்க வரலாறு ஒன்று உண்டு. சுந்தரரின் மணநாளில் முதிய வேதியர் ஒருவர் வந்து, நீ என் அடிமை என்று ஓலை நீட்டுகிறார். சுந்தரர் அதைக் கிழிக்கிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை வருகிறது, பாட்டனாரின் எழுத்தோடு ஒப்பிடுகிறார்கள், அடிமை உறுதியாகிறது, வேதியர் சிவபெருமானே எனத் தெரிகிறது. அங்கே ஓலை அருளின் கருவி. அது கிழியாமல் இருப்பதே அடியவரின் பேறு. பவுலுக்கோ சீட்டு நம்மைக் குற்றஞ்சாட்டுவது. அதை அழித்து நடுவினின்று எடுத்துப்போடுவதே அருள். இரண்டு மரபுகளும் ஆவணத்தை மெய்யானதாகவே கொள்கின்றன. நம் பிரசங்கங்கள்தாம் அதை வெறும் அலங்காரமாக்கிவிட்டன.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமையாளர் விடுதலையானார் என்றதோடு நிற்கவில்லை. அவர் தீர்க்கவேண்டிய கொத்தடிமைக் கடனே அற்றுப்போயிற்று என்றும் விதித்தது. ஆளை விடுவித்துவிட்டுச் சீட்டை வைத்துக்கொள்ள முடியாது என்பதைச் சட்டம் வகுத்தோர் அறிந்திருந்தனர். கொலோசெயர் நிருபத்தின் நியாயமும் அதுவே. இதனோடு நம் ஆராதனை முறையை ஒப்பிடுக. மத்தேயு 6:12இல் கடன், கடனாளி என்றிருக்க, நாம் ஞாயிறுதோறும் ஓதும் கர்த்தருடைய ஜெபத்தில் குற்றம், குற்றஞ்செய்கிறவர் என்கிறோம். ஆங்கிலேய ஜெபப்புத்தகத்தின் வழியே வந்த மாற்றம் இது; மத்தேயு 6:14, 15 வசனங்களில் அதற்கு ஆதாரமும் உண்டு. குற்றத்தை மன்னிக்க மனம் போதும். கடனை மன்னிக்கப் பெட்டியிலுள்ள நோட்டை எடுத்துக் கிழிக்கவேண்டும். வட்டிக்குக் கொடுத்தவரும் வாங்கினவரும் ஒரே பாயில் முழங்காற்படியிடும் சபைகளில் இவ்வேறுபாடு சிறியதன்று. ஆராதனை முறையை மாற்றும் அதிகாரம் மன்றங்களுக்கு உரியது. மத்தேயுவில் உள்ளபடி ஜெபத்தை வாசித்து, பதினெட்டாம் அதிகாரத்தின் பதினாயிரம் தாலந்தையும் நூறு வெள்ளிப்பணத்தையும் அதன் அருகில் வைத்து, தவக்காலத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கிக்க எந்தப் போதகருக்கும் மன்றத்தின் தீர்மானம் வேண்டியதில்லை.